மாரன் என்றொரு பொம்பிளை

செத்து நூறு வருசத்துக்கு மேலான ஒருத்தியின் மேல் எனக்குப் பொறாமை. வெளியில் சொன்னால் இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங் கோயிலில் சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சிரிக்கட்டும். தங்கள் மனுசன்மார் உயிரோடு இருக்கிற பொம்பிளைகளைப் பார்ப்பதையே கண்டுபிடிக்கத் தெரியாத சனம் அது.

கதை என் மனுசனுடையது. பெயர் தேவராசா. எழுத்தில் எழுதுகிறேன், வாயால் சொல்லிப் பழக்கமில்லை. அவரும் என் பெயரைச் சொல்வதில்லை. அவர் "இஞ்சேருமப்பா" என்பார், நான் "என்னப்பா" என்பேன். அப்படியே குடித்தனம் ஓடி, இரண்டு பிள்ளைகள் வளர்ந்து, இக்காஸ்டில் ஒரு வீடும் சொந்தமாகிவிட்டது. தவமணி என்று ஒருத்தி அந்த வீட்டில் இருப்பது ஆசுப்பத்திரிக்காரருக்கும் தபால்காரருக்கும்தான் தெரியும்.

அவரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பருத்தித்துறைப் பக்கம். மூத்தவள் கிருசாந்தி பிறந்து துடக்குக் கழித்த கையோடு, எண்பத்தொன்பதில் வெளிக்கிட்டு டென்மார்க் வந்தவர். கொஞ்சக் காலம் அகதி முகாம். பிறகு இக்காஸ்டில் துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, பென்சன் எடுக்கும் வரைக்கும் அங்கேயே நின்றார். நகக்கண்ணுக்குள் எப்போதும் ஒரு நிறம் இருக்கும். சோற்றைப் பிசையும்போது நீலமோ சிவப்போ தெரியும், எனக்கு அதைப் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டது. குடிக்கமாட்டார், கோயில் நிர்வாகத்தில் போய் நின்று சண்டை பிடிக்கமாட்டார், அதிகம் கதைக்கவும் மாட்டார். "உம்மடை மனுசன் தங்கம்" என்று சனம் சொல்லும். தங்கமும் கதைக்காதுதான்.

சும்மா இருக்கிற மனுசன் வீட்டுக்குப் பெரிய கரைச்சல். பென்சன் எடுத்த புதிதில் யன்னலோடு இருந்து ரோட்டில் போகிற கார்களைப் பார்ப்பார். நான் குசினிக்குள் ஒரு மூடியைத் திறந்தாலும் "என்ன தேடுறீர்" என்பார். சாயத் தொழிற்சாலையில் அவரோடு நின்ற பௌல் என்ற டெனிஷ்காரர்தான் ஒருநாள் வந்து கூட்டிக்கொண்டு போனார். ஊருக்கு வெளியே, பற்றைவெளி தொடங்கும் இடத்தில், அந்தப் பகுதிச் சனம் சேர்ந்து நடத்துகிற சின்னக் காட்சியகம் ஒன்று இருக்கிறது. முந்திய காலத்தில் இந்த மண்ணில் ஒன்றும் விளையாமல் அமெரிக்காவுக்குப் போன குடும்பங்களைப் பற்றியது. வெளியே புல்லில், வெள்ளைக் கன்வஸ் போர்த்திய பெரிய மரவண்டில் ஒன்று நிற்கிறது. அந்தச் சனம் கப்பலால் இறங்கி, ரயிலால் இறங்கி, மிச்சத் தூரம் அப்படியான வண்டிலோடுதான் மேற்கே போனதாம்.

சம்பளமில்லாத வேலை. முதலில் சில்லுக்குக் கிறீஸ் போட்டார். பிறகு கன்வசைக் கழுவிக் கட்டினார். பிறகு, வருகிற சனத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நின்று கதை சொல்லத் தொடங்கினார். வீட்டில் வாய் திறக்காத மனுசன், பருத்தித்துறை டெனிஷில் மணிக்கணக்காகக் கதைக்கிறாராம். சனம் கைதட்டுகிறதாம். பௌல் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை.

அந்த நாட்களில்தான் அவர் வாயில் மாரன் என்று ஒரு பெயர் அடிபடத் தொடங்கியது.

"மாரன் பாவமப்பா. சப்பாத்துக் கிழிஞ்சு, சாக்கைச் சுத்திக்கொண்டெல்லே நடந்தது" என்பார் சாப்பிடும்போது.

இன்னொரு நாள், "விறகில்லை. காஞ்ச சாணி பொறுக்கித்தான் மாரன் சமைச்சது" என்பார்.

நான் அது ஊரிலிருந்து புதிதாய் வந்த ஒரு பெடியன் என்று நினைத்துவிட்டேன். மாரன் என்றால் எங்களுக்கு ஆம்பிளைப் பெயர்தானே. இரக்கப்பட்டுக் கதைக்கும்போது ஆணும் பெண்ணும் எங்கள் வாயில் 'அது'தான், அதனால் அதிலும் ஒன்றும் பிடிபடவில்லை. விசா கிடைக்காமல் எங்கேயோ ஒளிந்திருக்கிறானாக்கும், டென்மார்க்கில் ஒரு பிள்ளை சாணி பொறுக்கிச் சமைக்கிற காலமும் வந்துவிட்டதே என்று எனக்கு மனம் கேட்கவில்லை.

"அந்தப் பிள்ளையை ஒருநாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோவன். புட்டவிச்சுக் குடுப்பம்" என்றேன்.

"ஆரை?"

"மாரனை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். "மாரன் பொம்பிளையப்பா. டெனிஷ்காரி. இஞ்சை பக்கத்து ஊர். அமெரிக்காவிலை செத்துப் புதைச்சும் எத்தினையோ காலம்" என்றார். டெனிஷ்காரர் அந்தப் பெயரை எழுதுவது ஒருமாதிரி, சொல்வது ஒருமாதிரி. இவர் வாயில் அது மாரன் என்று வந்திருக்கிறது.

அவர் சிரித்ததற்கு எனக்குக் கோபமில்லை. ஒரு பொம்பிளை சப்பாத்தில்லாமல் நடந்ததை இவர் இவ்வளவு நாளாய்ச் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பதுதான் என்னைச் சுட்டது. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு செமிக்கவில்லை.

பிறகு மாரனின் கதை முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்க அவர் விட்டால்தானே. புருசன் அனர்ஸ் மேற்கே காணி கிடைக்குமென்று சொல்ல, மாரன் கைப்பிள்ளையோடு வெளிக்கிட்டாள். வண்டில் நிறையச் சாமான், மனிதர் ஏறி இருக்க இடமில்லை. மாடு இழுக்க மாரன் பக்கத்தில் நடந்தாள். வெயிலுக்கு மரச்சில்லு காய்ந்து இரும்பு வளையம் கழன்றுவிடும். சில்லைக் கழற்றி ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மரம் ஊதினபிறகுதான் திரும்பப் பூட்டவேண்டும். ஆறு கடக்கும்போது மாவு மூட்டை நனைந்தது. வழியில் காய்ச்சல் வந்து கைப்பிள்ளை செத்தது. ஓநாய் தோண்டி எடுக்காமல் இருக்க வண்டில் தடத்திலேயே கிடங்கு வெட்டிப் புதைத்து, அதன்மேல் வண்டிலை ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த இடம் வரும்போது என் மனுசனுக்குக் குரல் தழுதழுக்கும். வீட்டிலும் தழுதழுக்கும். நான் தேத்தண்ணியை மேசையில் கொஞ்சம் சத்தமாக வைப்பேன்.

மாரன் சுட்டது போல ஒரு ரொட்டி சுடவேண்டுமென்று என் குசினிக்குள் வந்தார். ஒருநாளும் அரிசி கழுவாத கை மா குழைத்தது. ரொட்டி கல்லாய் வந்தது, அதை அவர் ருசித்துச் சாப்பிட்டார். என் அப்பத்துக்கு உப்புக் காணாது என்று சொல்கிற வாய். இன்னொரு நாள், மாரன் நடந்தது எப்படி இருந்திருக்குமென்று அறியவேண்டும் என்று இக்காஸ்டிலிருந்து ஹேர்னிங் வரைக்கும் நடந்தார். வாசலில் கார் நிற்கிறது. திரும்பி வரும்போது இரண்டு குதிக்காலிலும் கொப்புளம். மாரனுக்காக நடந்த காலுக்கு எண்ணெய் போட்டுவிட்டவள் நான். போடும்போது கொஞ்சம் அழுத்தித்தான் போட்டேன்.

இளையவன் லவனுக்குப் போன் எடுத்து முறையிட்டேன். அவன் டெனிஷில், "அம்மா, அவ செத்துப்போனா" என்றான். எனக்குத் தெரியாதாக்கும். உயிரோடு இருந்தால் போய் இரண்டு கதை கேட்டுவிட்டு வரலாம். செத்தவளோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது. அவளுக்கு நரைக்காது, முழங்கால் நோகாது, குறட்டை விடமாட்டாள். எப்போதும் வண்டிலுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே இருப்பாள், என் மனுசனும் அவளுக்காகக் கண் கலங்கிக்கொண்டே இருப்பார்.

நானும் மேற்கேதான் வந்தேன். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவர் முகாமில் விசாவுக்குக் காத்திருந்த நேரம் ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியது. "காத்திருக்கேலாது, ஏஜென்சிக்காரனோட வெளிக்கிடும்" என்று போனில் சொல்லிவிட்டார். காசுக்குக் களவாய் எல்லை கடத்துகிறவன்தான் ஏஜென்சிக்காரன். கிருசாந்திக்கு அப்போது நடைகூடச் சரியாக வரவில்லை. கொழும்பு, மொஸ்கோ. மொஸ்கோவில் ஒரு அறைக்குள் பனிக்காலம் முடியும் வரை அடைபட்டுக் கிடந்தோம். பிறகு ரயில், பிறகு காட்டுக்குள்ளால் நடை, கடைசியில் சாமான் ஏற்றுகிற ஒரு வான். சாறியோடு சேற்றில் நடந்திருக்கிறேன். ஒருத்தன் தந்த ஆம்பிளைச் சப்பாத்து, இரண்டு அளவு பெரிது. சாக்கு கிடைத்திருந்தால் நானும் சுற்றியிருப்பேன்.

முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அவர் வாசலில் நின்றார். பக்கத்தில் அவரோடு அறையில் இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் நின்றார்கள். "பயணம் எப்பிடி?" என்று கேட்டார். "பரவாயில்லை" என்றேன். பிறத்தி ஆம்பிளைகளுக்கு முன்னால் வேறென்ன சொல்வது. ஊரில் யார் கேட்டாலும் எதற்கும் அதுதானே மறுமொழி. காய்ச்சல் எப்படி, பரவாயில்லை. செத்தவீடு எப்படி நடந்தது, பரவாயில்லை. பிறகு தனியே கேட்பார் என்று பார்த்திருந்தேன். அவர் அந்தப் பரவாயில்லையை அப்படியே எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கு இரவு வேலை, எனக்குத் தையல் தொழிற்சாலையில் பகல் வேலை, லவன் பிறந்தான், வீடு வாங்கினோம். ஒருநாள், ஒரேயொரு நாள் அவர் கேட்கவேண்டுமென்றுதான் நான் இருந்தேன். நானாகச் சொல்லத் தெரியாமல் இல்லை. கேட்டால்தான் சொல்வேன் என்று ஒரு வீம்பு.

ஆகஸ்டில் காட்சியகத்தில் ஒரு கொண்டாட்டம். மாரனாக வேசம் போட்டு வண்டிலடியில் நிற்கிற கிர்ஸ்டன் என்ற ரீச்சர் கால் பிரண்டு படுத்துவிட்டா.

"இஞ்சேருமப்பா, ஒருநாளைக்கு மாரனாய் வந்து நில்லுமன்" என்றார் என் மனுசன்.

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு போனேன். போய் அவளைப் பார்த்துவிடுவோம் என்ற எண்ணம்தான். நீலச் சட்டை, வெள்ளை முன்துணி, தலைக்கு ஒரு தொப்பி. தையல் படு மோசம், கைப்பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. தாலிக்கொடியை உள்ளுக்கு விட்டுவிட்டு வண்டில் சில்லோடு சாய்ந்து நின்றேன். அவர் தொப்பி போட்டுக்கொண்டு அனர்ஸ் மாதிரி மறுபக்கம் நின்றார். அன்றைக்கு அவர் மாரனை எவ்வளவு மரியாதையோடு பார்த்தார் தெரியுமா. அந்தத் தொப்பியைக் கழற்றினால் அந்தப் பார்வையும் கழன்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

சனம் வந்தது. தாயின் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெட்டை என்னைக் கேட்டாள்: "பிள்ளை அழுதால் என்ன செய்வீங்கள்?"

மாரன் என்ன செய்தாளோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பின்னாளில் முதியோர் இல்லத்தில் வேலை செய்தபோது பழகின டெனிஷ், நன்றாகவே வரும். "பிள்ளை அழக்கூடாது. அழுதால் எல்லாரையும் பிடிச்சுப்போடுவாங்கள். அதனாலே நித்திரையாக்கிற பாணி மருந்து தந்தவங்கள், பருக்கினேன். பிள்ளை நித்திரையானது. வண்டி போய்க்கொண்டே இருந்தது, உள்ளுக்குள்ளே ஒரே இருட்டு. நேரம் போகப் போகப் பிள்ளையின் கழுத்து நிற்கவில்லை, துணி மாதிரிக் கையில் கிடந்தது. காலில் கிள்ளினேன். அழவில்லை. நல்லாய்க் கிள்ளினேன், அழவில்லை. அழு, எல்லாரும் பிடிபட்டாலும் பரவாயில்லை, அழு என்று..."

அந்தச் சின்னவள் அழத் தொடங்கிவிட்டாள். தாய் அவளைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனாள். மற்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். மறுபக்கத்தில் என் மனுசன் நுகத்தைப் பிடித்தபடி நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார், முகத்தில் தெரிந்தது.

காரில் வரும்போது கேட்பார் என்று பார்த்தேன். சிக்னலில் நிற்கும்போது கேட்பார் என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார், கோப்பையைக் கழுவி வைத்தார், அது அவர் செய்யாத வேலை. ஒன்றும் கேட்கவில்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது. கிருசாந்தி கோப்பன்ஹேகனிலிருந்து போன் எடுத்தபோது அவர் வாங்கி "சுகமா பிள்ளை" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் காதோடு பிடித்துக்கொண்டே இருந்தார். என்னிடம் ஒரு சொல் இல்லை. மாரனுக்கு விறகில்லாமல் போனதற்கு ஒரு மாதம் கவலைப்பட்ட மனுசன்.

அடுத்த ஞாயிறு நானும் வாறன் என்று வெளிக்கிட்டேன். என்னதான் அப்படி அவளைப் பற்றிச் சொல்கிறார், இருந்து கேட்கிறேன் என்று பிளாஸ்கில் கோப்பியோடு போய்ச் சனத்துக்குப் பின்னால் வாங்குப் பலகையில் இருந்தேன். கதை நடந்தது. கிழிந்த சப்பாத்து வந்தது, காய்ந்த சாணி வந்தது, ஊறப்போட்ட சில்லு வந்தது. பிறகு அவர் ஒரு மூச்சு எடுத்தார்.

"வண்டிலுக்குள்ளே பிள்ளை அழுதது" என்றார் டெனிஷில். "மாரன் அதுக்கு நித்திரை மருந்து பருக்கினாள். வண்டில் போகப் போகப் பிள்ளை துணி மாதிரிக் கையில் கிடந்தது. மாரன் காலில் கிள்ளிப் பார்த்தாள். அழவில்லை."

சனம் மூக்கை உறிஞ்சியது. அவர் கண்ணிலும் தண்ணீர். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் நிறுத்தவில்லை. மாரனின் கதையில் பிள்ளை செத்துத்தானே ஆகவேண்டும். "விடிஞ்சபோது பிள்ளை கண் முழிக்கவில்லை. வண்டில் தடத்திலே கிடங்கு வெட்டி..."

"சாகேல்லை" என்றேன்.

தமிழில்தான் வந்தது. எழும்பி நின்றிருக்கிறேன், கோப்பி காலில் கொட்டியது கூடத் தெரியவில்லை. சனம் திரும்பிப் பார்த்தது. நான் சனத்தைப் பார்க்கவில்லை.

"என்ரை பிள்ளையை எடுத்து அவளுக்குக் குடுத்தனீங்கள். குடுத்தது காணாதெண்டு சாக்காட்டியும் போட்டீங்களோ?"

பௌல் எழும்பி வந்து என்னவென்று கேட்டார். என் மனுசன் அவரைக் கையால் மறித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தெரியுமப்பா, உம்மடைதான்" என்றார். "ஒரு கிழமையாய்க் கேப்பம் கேப்பம் எண்டு பாக்கிறன், வாய் வருகுதில்லை. மாரனை வெளிக்கிடச் சொன்னது நானில்லை. அவளுக்கு நான் எவ்வளவும் அழலாம். உம்மைப் பச்சைப் பிள்ளையோட வெளிக்கிடும் எண்டு போனிலை நிண்டு கத்தினது நான்தானே."

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஆறினது என்று எழுதினால் பொய். மாரனிலும் ஆத்திரம், இவரிலும் ஆத்திரம், முகாம் வாசலில் நின்று பரவாயில்லை என்ற அந்தப் பொட்டைச்சியிலும் ஆத்திரம்.

அவர் என் பக்கத்தில் வாங்கில் இருந்தார். மெல்லக் கேட்டார்.

"பிள்ளை எப்ப அழுதவள்?"

இந்த ஒரு கேள்விக்கு அவருக்கு இவ்வளவு காலமும், வேறொருத்தியின் வண்டிலும் தேவைப்பட்டிருக்கிறது. நான் சொன்னேன்.

"வானை ஒரு காட்டுக்கரையிலை நிப்பாட்டிக் கதவைத் துறந்தவன். பொலிஸ் எண்டு எல்லாரும் குனிஞ்சிட்டினம். குளிர்காத்து ஒண்டு உள்ளுக்கை வந்தது. அது மூஞ்சையிலை பட்டவுடனை கண்ணைத் துறந்து என்னைப் பாத்தாள். பிறகு கத்தினாள் பாருங்கோ, காடே கேக்கிற மாதிரி. வாயைப் பொத்து வாயைப் பொத்து எண்டு எல்லாரும் ஏசினம், ஒருத்தன் அடிக்கவும் கையோங்கினவன். நான் பொத்தேல்லை. நான் சிரிச்சுக்கொண்டிருந்தன்."

அவர் அழுதார். வாய் கோணி, மூக்கால் வடிந்து, சத்தம் எங்கெங்கோ போய், பார்க்கச் சகிக்காத ஒரு அழுகை. டெனிஷ்காரர் ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, ஒவ்வொருவராக நழுவிப் போனார்கள். நான் முந்தானையால் துடைத்துவிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஆற அமர இருந்து பார்த்தேன். மாரனுக்காக அவர் ஒருநாளும் இப்படி அழுததில்லை.